ஆறரை மணி இரைச்சல்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ரேடியோ அக்கா. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவர். வீட்டுக்கு வந்தால் தன் காதுக்கென்று சிற்றலை ரேடியோ. அப்பாவின் பழைய வால்வு ரேடியோப் பெட்டி சூடேறிப் பேசும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்த வயதில் தொற்றிய பைத்தியம். டிரான்சிஸ்டர் வந்தது, கல்யாணப் பேச்சு வந்து போனது, பைத்தியம் போகவில்லை. எந்த நிலையம் என்றைக்குத் தொடங்கியது, எந்தப் போரில் எதை இரைச்சல் போட்டு அமுக்கினார்கள், எல்லாம் விரல்நுனியில்.

நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. அவர் கேட்டுவந்ததில் மிஞ்சியது ஒன்றுதான், மாலை ஆறரைக்கு. அதுவும் மாதக் கடைசியோடு நிற்கிறது என்று அறிவித்தார்கள்.

மறுநாள் ஆறரைக்கு அந்தக் குரல் மேல் கரகரவென்று ஓர் இரைச்சல். அதற்கடுத்த நாளும். சின்ன ரேடியோவோடு படியேறித் தேடினார். இரண்டாம் மாடியில், தையல்காரர் வீட்டு வாசலில், காதைப் பிளந்தது.

கதவைத் திறந்தார் தையல்காரர். உள்ளே கட்டிலில் அவர் மனைவி, முகத்தில் மூச்சுக்குழாய். பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோவில் இரைவது அதுதான்.

"நுரையீரல் ஒத்துழைக்க மாட்டேங்குதுக்கா. நேத்திலேர்ந்து சாயங்காலமானா இதை மாட்டியே ஆகணும். என்ன விஷயமா வந்தீங்க?"

அக்கா ரேடியோவை அணைத்தார். "ஒண்ணுமில்ல தம்பி. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு."

மனைவி குழாயை விலக்கிச் சிரித்தாள். "என்னக்கா, ரேடியோ பாடலையா?"

"பேட்டரி தீர்ந்துடுச்சும்மா."

கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும், வீட்டில் கூட இருக்கும் அவருடைய உடன்பிறந்த தம்பி கேட்டார், "அரைமணி நேரம் தள்ளி மாட்டச் சொல்லட்டுமா?"

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!"

கத்திவிட்டாரே தவிர, படியிறங்கும்போது அவரும் அதையேதான் நினைத்திருந்தார். கூசியது. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தார், அங்கும் இரைச்சல் விடவில்லை. வேறெங்கும் அலைய முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

கடைசி நாள் ரேடியோவில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்தார். இருபது வருஷமாகக் கேட்ட அறிவிப்பாளர் நேயர்களின் பெயர்களை வாசித்தார். அரைச்சொல், கால்சொல்தான் தேறியது. தன் பெயர் வந்ததா என்று தெரியவில்லை. ஏழு மணிக்குக் குரல் நின்றது.

நான்கு நாள் கழித்து, பழக்கதோஷத்தில் ரேடியோவைத் திருகினார். மணி ஆறரை தாண்டியும் அந்த மெஷின் இரைச்சல் இல்லை. படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி இரண்டு மாடி ஏறினார். தையல்காரர் வீடு பூட்டியிருந்தது. யாரைக் கேட்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.