ஐம்பது குச்சி

எங்கள் மாமாவின் கிட்டாரில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. இத்தனைக்கும் ஒரே வீடு, ஒரே கூரை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் சிலர் நகை கொண்டுவந்தார்கள், சிலர் தேக்குப் பெட்டி கொண்டுவந்தார்கள். அம்மாவின் தம்பி கொண்டுவந்தது அந்தக் கிட்டாரைத்தான். ரங்கூனில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் கோஷ்டியோடு வாசித்தவராம். திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. எதிர்வீட்டு அத்தை அதைப் பர்மாக்காரர்களின் சாமிப் பாட்டு என்றே கடைசிவரை நம்பினாள்.

மாமா வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நெஞ்சுவலி என்று அவரை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினார்கள். பொம்மை வாங்கி வருகிறேன் என்று ஜன்னல் வழியே சொன்னவர் திரும்பி வரவே இல்லை. அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த மாமா, அக்காவின் கையிலிருந்த பசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிட்டாரை ஆணியில் மாட்டிவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. பெண்கள் குச்சி அடைத்துத் தரும் பெட்டியில் ஐம்பது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் பிரித்துக் கொட்டி எண்ணுவார்கள். மாமா காதருகில் ஒரு குலுக்குக் குலுக்கி, "நாப்பத்தேழு" என்பார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தேழுதான் இருக்கும். பாம்புச் செவி என்று ஊரே அவரைச் சொன்னது. நான் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

இரண்டு வருஷம் கிட்டார் ஆணியிலேயே கிடந்தது. பிறகு ஒரு தீபாவளி கழிந்த வாரத்தில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. ரங்கூனில் அவரோடு வாசித்த கூட்டாளி இப்போது மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தார். கோஷ்டியில் ஓர் இடம் காலி, பொங்கல் வரைக்கும் பிடித்து வைக்கிறேன், ஆனால் இங்கே ஒரு தரம்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், கை பழையபடி திரும்பிய பிறகு வா என்று எழுதியிருந்தார். மாமா கடிதத்தை நாலு தடவை படித்தார். கிட்டாரை இறக்கித் தூசி தட்டி வாசித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டு, "கை மரக்கட்டையாப் போச்சுக்கா" என்றார்.

மறுநாள் ஒரு காலித் தீப்பெட்டியும் மருந்து தோய்க்காத வெறும் குச்சிகளும் கொண்டுவந்தார். அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, ஏதோ சட்டம் வாசிப்பதைப் போலச் சொன்னார்.

"தெனம் மொத சங்கு ஊதுனதுல இருந்து ரெண்டாஞ்சங்கு வரைக்கும் வாசிப்பேன். வாசிச்சா பெட்டியில ஒரு குச்சி. ஒரு நாள் தப்புனாலும் பெட்டியக் கவுத்திட்டு மறுபடி ஒண்ணுல இருந்து. ஐம்பது சேந்தாத்தான் நான் மெட்ராஸுக்கு ரயிலேறுவேன். இல்லேன்னா கெடையாது. குச்சி போடுறது எங்க மருமக பொறுப்பு."

மருமகள் என்றால் நான்தான்.

அந்தப் பழக்கம் எனக்கு இப்போதும் மனப்பாடம். கம்பெனியின் முதல் சங்கு ஊதும்போது அவர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பார். முதலில் விரல்களுக்கான வேலை. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு தந்தியாக, ஏறி இறங்குவார். அவ்வளவு மெதுவாக வாசித்தால் தூக்கம்தான் வரும். அடுத்தது மூன்று நான்கு தந்திகளைச் சேர்த்துப் பிடித்து, கையைப் பார்க்காமலே அடுத்த பிடிக்கு மாறுவது. ஒரு பிடி நழுவினால் அதை மட்டும் இருபது தடவை. கடைசியில்தான் பாட்டு. அதுவும் சின்ன மெட்டு. அதை ஒரு தரம் உள்ளபடி வாசித்துவிட்டு, பிறகு அதனோடு பேச்சுக் கொடுப்பதுபோல நினைத்த திசைக்கெல்லாம் போவார். அது சூடு பிடிக்கும் நேரத்தில் இரண்டாம் சங்கு ஊதிவிடும். மாமா கையை அப்படியே எடுத்துவிட்டுச் சட்டையை மாட்டுவார்.

"தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பீக?" என்று எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்து கேட்பாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மதினி" என்பார்.

பாட்டை முதலில் வாசித்தால் என்ன என்று நானும் கேட்டேன். "பாட்டுக்கு நடுவுல நம்ம இஷ்டத்துக்குப் பேசணும் மருமகளே. பேசுறதுக்கு வாய் வேணும்ல. விரலுதான் வாய். அது மொதல்ல திருந்தட்டும்" என்றார்.

நான் பெட்டியில் குச்சியைப் போட்டுக் கொடுப்பேன். மாமா அதைக் காதருகில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

"சரியா இருக்கா மருமகளே?"

"சரியா இருக்கு மாமா."

பத்துப் பன்னிரண்டு குச்சி சேரும்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒருநாள் எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், "ஒன் தம்பியும் மெட்ராஸ் போறாகளாமே" என்று பெருமூச்சு விட்டாள். அந்த 'தம்பியும்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கே போனவர்கள் ஜன்னல் வழியே கை காட்டுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அன்றைக்கே பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலையில் மாமா பெட்டியைக் குலுக்கியபோது எனக்கு உயிரே போய்விட்டது. பாம்புச் செவி ஆயிற்றே. குலுக்கிய கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். வழக்கம்போலக் கேட்டார். "சரியா இருக்கு மாமா" என்றேன். பெட்டியை மாடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. கம்பெனியில் அவர் குலுக்குவது நிறைந்த பெட்டி. அரைப் பெட்டியில் அவர் காது வேலை செய்யாது போலிருக்கிறது! எட்டு வயதில் அது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. அதன் பிறகு மூன்று நாளைக்கு ஒன்று எடுத்தேன்.

மார்கழியில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சங்கு ஊதியதும் கம்பளியோடு எழுந்து உட்கார்ந்தார். உடம்பு நடுங்கியதால் பிடிகள் எல்லாம் நழுவின. நழுவியதை இருபது தடவை, மறுபடி இருபது தடவை. "ஒரு நாளைக்கு விட்டாத்தான் என்ன, குடியா முழுகிரும்?" என்று அம்மா அழுதாள். "நாப்பது நெருங்குதுக்கா" என்றார் மாமா. உண்மையில் அவர் வாசித்தது அதற்கும் மேலே பல நாள்கள். அன்றைக்கும் நான் குச்சியைப் போட்டேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாக எடுத்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

பொங்கல் நெருங்கியது. நாள்காட்டியில் தாள் கிழித்துக்கொண்டிருந்த அம்மா, "தை பெறக்கப் போகுதே, இன்னுமா பெட்டி நெறையல? நீ கெளம்பு தம்பி. நாங்க இருந்துக்கிடுவோம்" என்றாள்.

"நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் தப்பியிருக்கும்க்கா" என்றார் மாமா.

தப்பவே இல்லை. தப்பியிருந்தால் பெட்டியைக் கவிழ்த்திருக்க வேண்டும், அவர் போட்ட சட்டம்தான் அது. எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மாமா கணக்கில் கோட்டை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு கார்டு வந்தது. இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள், கூட்டாளி வருத்தப்பட்டிருந்தார். மாமா அதைப் படித்துவிட்டுத் தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "வீடு கட்டி வெளையாடு. நாலு குச்சி கொறைஞ்சு போச்சு. நமக்கு அம்புட்டுத்தான் குடுப்பினை" என்று சிரித்தார். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு இருந்தது. அன்று முழுக்க நான் தெருவில் குதித்துக்கொண்டிருந்தேன். மாமா போகவில்லை, மாமா போகவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகும் சில வாரம் சங்குக்கும் சங்குக்கும் நடுவே வாசித்தார். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. அப்புறம் கிட்டார் பழைய ஆணிக்கே போனது. சன்னமான தந்தி ஒன்று அறுந்தபோது அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டாள். சலவைச் சோப்பு வெட்ட வாகாக இருந்தது.

பதினாறு வயதில் நானும் அதே கம்பெனிக்குப் பெட்டி அடைக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், நான் அடைத்த பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்றேன்.

"நெறஞ்ச பெட்டி அப்பிடித்தான் பிள்ள. குச்சி அசையவே எடம் இருக்காதுல. அதுல ஒண்ணு ரெண்டு கொறஞ்சாச் சொல்லணும்னா ஒங்க மாமா காது வேணும். அரைப் பெட்டின்னா செவிடனுக்கும் கேக்குமே" என்றாள்.

ஒரு பெட்டியில் இருபது குச்சி போட்டுக் குலுக்கினேன். ஒன்றை எடுத்துவிட்டுக் குலுக்கினேன். எனக்கே தெரிந்தது. இன்னொன்றை எடுத்தேன். இன்னும் நன்றாகத் தெரிந்தது. பெட்டியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா போ என்றாள். கூட்டாளி வா என்றார். போகட்டுமா என்று அவர் கேட்டது என்னை மட்டும்தான். காலைதோறும் பெட்டியைக் குலுக்கி, முகத்தைப் பார்த்துக் கேட்டார். அது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கோடியில் செக்கிங் மேஜையருகே மாமா நின்றிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் பக்கத்தில் வந்ததும் மடியிலிருந்த பெட்டியை எடுத்துக் காதருகில் ஒரு குலுக்குக் குலுக்கினார். பதினெட்டுக் குச்சி. கை ஒரு கணம் நின்றது.

"சரியா இருக்கா மருமகளே?"

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. இத்தனை பெண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"சரியா இருக்கு மாமா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வீட்டுக்குப் போயும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த பத்தொன்பது வருஷத்திலும் சொல்லவில்லை.