பீரோ மேல் விழுந்த பழி

மழையே இல்லாத வைகாசியில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும்? மலர்க்கொடி அக்கா எங்கள் தெருவில் நின்று எல்லோரையும் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அதனால்தான் அந்த ஒரு நாளை எழுதுகிறேன்.

மலர்க்கொடிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றைக்கூட நடந்துகொண்டுதான் தின்பாள். அண்ணாகிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டில் பிறந்தவள். கல்லூரியைப் பாதியில் விட்டாள், துணிக்கடையில் நின்றாள், தையல் வகுப்புக்குப் போனாள். எதுவும் ஒட்டவில்லை. அருண்பாண்டியனைக் கட்டிக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்த பிறகு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு தொழிலைப் பிடித்தாள். பட்டுப்புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டு, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்துக் கொடுக்கிற வேலை. மணப்பெண் பெட்டியைத் திறந்து அப்படியே சுற்றிக்கொள்ளலாம். கை ஓயாத அந்த வேலை அவளுக்குப் பொருந்திவிட்டது.

பஸ்ஸில் கொண்டுபோனால் பெட்டி நசுங்குகிறது என்று பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார்கள். வேர்த்த கையோடு பட்டைத் தொடக்கூடாது என்பதால் ஏசி போட்டுத்தான் ஓட்டுவாள்.

சித்திரையில் சிதம்பரத்துத் தைலம்மாளின் மகள் இளமதிக்கு நிச்சயதார்த்தம். புடவையைக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே போன் வந்தது.

“ஏம்மா மலரு, பொடவ ஏதோ ஊறவச்சு மறந்த துணி மாதிரி வாட அடிக்கிதே.”

“எங்க வூட்ல எப்படிம்மா அடிக்கும்? ஒங்க பீரோ வாடையா இருக்கும். பட்ட ரொம்ப நாளு பூட்டி வச்சா அப்படித்தான்.”

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். தைலம்மாளும் நம்பினார். பீரோவைக் காலி செய்து துணி மொத்தத்தையும் மாடி வெயிலில் போட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் ரிசப்ஷனுக்கான புடவையைக் கடையிலிருந்து நேராக மலர்க்கொடியிடமே அனுப்பினார். “எங்க பீரோவுல வைக்கவே இல்ல. இந்தவாட்டியும் வாட அடிச்சுதுன்னா...” என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தார்.

ரிசப்ஷன் அன்று காலை, பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால் வண்டி குளிரட்டும் என்று மலர்க்கொடி ஏசியை ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இடது பக்கக் கதவைத் திறந்து காலை வைத்தாள். கால்மிதி சதசதவென்று அமுங்கியது. மூக்கை எட்டிய வாடை, தைலம்மாள் சொன்ன அதே வாடை. ஓட்டுகிற பக்கமே ஏறி இறங்கியவளுக்கு இத்தனை நாள் அது தெரியவில்லை.

“மாமா, காருக்குள்ள தண்ணி ஊத்துனீங்களா?”

நைட் ஷிப்ட் முடிந்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான் அருண்பாண்டியன். “நான் ஏன் ஊத்தப் போறேன்? அது என்ன தென்னம்புள்ளயா?”

துடைத்தாள். மறுபடி ஊறியது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டாள். எதிர்வீட்டு சார்லஸ் மட்டும்தான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். துறைமுகத்திலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவன்.

“அக்கா, ஏசி ஓடுது. கீழ ஒரு சொட்டு இல்லியே.”

“சொட்டலன்னா நல்லதுதான?”

“யாரு சொன்னா? ஏசித் தண்ணி வெளில சொட்டணும். வெளில சொட்டலன்னா உள்ளதான் சொட்டும். தண்ணி போற டியூபு அடச்சிருக்கு.”

முன்பெல்லாம் வண்டியை எடுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். அதை எப்போதிலிருந்து காணோம் என்று யோசித்தாள். சித்திரைக்கு முன்னாலிருந்தே காணோம்.

“மெக்கானிக்கிட்ட உட்டுடு” என்றான் அருண்பாண்டியன்.

“முகூர்த்தத்துக்கு மொத நாளு. எல்லா வண்டியும் அங்கதான் நிக்கும். நாளைக்கி வாம்பாரு.” சொல்லிக்கொண்டே துணி மாட்டுகிற ஹேங்கரை முறுக்கிக் கம்பியாக்கிவிட்டாள்.

சார்லஸ் அதைப் பிடுங்கினான். “கம்பிய உட்டுக் குத்தாதீங்கக்கா. டியூபு கிழிஞ்சாலும் போச்சு, உள்ள ஓட்ட உழுந்தாலும் போச்சு. காஸ் மொத்தமும் ஓடிரும்.” வீட்டுக்குப் போய்த் தடித்த தங்கூசி ஒரு முழம் கொண்டுவந்தான். மீன் பிடிக்கிற அந்த நைலான் நரம்பு வளையும், குத்தாது.

எஞ்சினை அணைத்துச் சூடு ஆறும்வரை காத்திருக்கச் சொன்னான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பெட்டியைத் திறந்து மடிப்பைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“அதத் தொடாத மலரு. நீயே கலச்சிடுவ” என்றான் அருண்பாண்டியன்.

வாசல் சரிவில் முன்சக்கரம் மேலே நிற்கும்படி வண்டியை விட்டிருந்தார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். மலர்க்கொடி சாக்கை விரித்துப் படுத்து, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். எஞ்சினுக்குப் பின்சுவரில் விரல் பருமனில் ஒரு ரப்பர் டியூப் தொங்கியது. தங்கூசியை மெல்ல நுழைத்துத் திருகினாள். ஏதோ தடுத்தது. இழுத்தாள், மறுபடி திருகினாள். களுக்கென்று ஒரு சத்தம். பழுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிக் கழுத்தில் இறங்கியது.

சேற்றோடு கறுத்த இதழ்களும் வந்து விழுந்தன. சார்லஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தான். “சாமந்திக்கா. வைப்பர்கிட்ட செருவி வைக்கிறீங்கல்ல, அதுதான். பழய வண்டி, பில்டரு கெடயாது. காத்தோட உள்ள இழுத்துக்குது.”

“சாமிக்குன்னு வச்சதுடா.”

“சாமி என்ன ஏசியா கேட்டுது?”

எஞ்சினைப் போட்டு ஏசியை ஓடவிட்டதும் டியூபின் நுனியில் ஒரு துளி திரண்டது. விழுந்தது. பிறகு அடுத்தது. மலர்க்கொடி அதை நின்று பார்க்கவில்லை. துணி வெட்டுகிற கத்திரியை எடுத்துவந்து, தரைவிரிப்புக்கு அடியில் ஊறிக்கிடந்த பஞ்சை அறுத்து எறிந்தாள். அந்தக் கத்திரியில் யாரும் காகிதம்கூட வெட்டக்கூடாது என்பவள் அவள்தான். வெறும் தகரத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்து, கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவிட்டாள். வாடை போன பிறகே பெட்டி பின்சீட்டில் ஏறியது.

சிதம்பரம் போகிற வழியில் புதுச்சத்திரம் வந்தது. பக்கத்து சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்த அருண்பாண்டியன்தான் ஆரம்பித்தான். “இன்னும் என்ன? இன்னிக்கி வாட இல்லல்ல. கொடுத்துட்டு வந்துகிட்டே இரு.”

“அவுங்க பீரோன்னே நெனச்சுகிட்டு இருக்காங்க மாமா.”

“நெனச்சுட்டுப் போறாங்க. நீ வாயத் தொறந்தா அந்த ஊர்லேருந்து ஒரு பொடவ வராது. பாத்துக்க.”

அது அவளுக்கும் தெரியும். வெள்ளாற்றுப் பாலத்தில் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே ஓட்டினாள்.

மண்டபத்தில் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சூழ நின்றார்கள். தைலம்மாள் பெட்டியைத் திறந்ததும் குனிந்து முதலில் மோந்துதான் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தியா, ஒண்ணும் இல்ல. நீ சொன்னதுதான் சரி. எங்கம்மா சீராக் குடுத்த பீரோ அது. கல்யாணம் முடிஞ்சதும் பழய இரும்புக்குப் போட்டுடுங்கன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்.”

பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் சுப்பராயலு தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மலர்க்கொடி வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “போடாதீங்கம்மா. பீரோ மேல தப்பு இல்ல. வாட என் கார்லேருந்து வந்துது. இன்னிக்கிக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது.” அடைத்த டியூபையும் ஊறிய பஞ்சையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். உறவுக்காரி ஒருத்தி இன்னொருத்தியின் கையைக் கிள்ளினாள்.

தைலம்மாள் பெட்டியின் மூடியைக் கையில் வைத்தபடியே நின்றார். “ஈரத் துண்ட பீரோக் கதவுல போடுறீங்கன்னு ஒரு மாசமா இவர வைஞ்சிகிட்டு இருக்கேன்.”

“நான் போடலன்னு அன்னிக்கே சொன்னேன்” என்றார் சுப்பராயலு, பைகளைப் பார்த்தபடியே. “எவ கேட்டா?”

“நீங்க சும்மா இருங்க.” தைலம்மாள் திரும்பினார். “ஏம்மா, சொல்லாமலே போயிருக்கலாமே நீ.”

“போயிருக்கலாம்மா.”

“சரி. உள்ள போயி பொண்ணுக்குக் கட்டி உடு. நேரமாவுது.”

அங்கே கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, கொடுப்பதாயிருந்த புடவையை அப்புறம் கொடுக்கவில்லை. இளமதியின் மறுவீட்டுப் புடவை மட்டும் வந்தது. அதைத் தன் பீரோவிலிருந்தே எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார் தைலம்மாள்.

கார் வைத்திருக்கிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லி, இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். சொட்டவில்லை என்றால், யாரையாவது திட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு இது போய்ச் சேரட்டும்.