அலமாரிக்குப் பின்னால் ஒரு சேற்றுக்கோடு

வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிட்டுச் சான்று தருவது என் தொழில். நெய்யாற்றின்கரையில் ஆற்றையொட்டிய ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். விற்பவர் எங்கள் சபைக்காரர். வாங்குபவர் ஜெசிந்தா என்ற நர்ஸ். வீடு முழுக்கப் புது பெயின்ட். அலமாரிக்குப் பின்னால் மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே இடுப்பளவில் பழைய சேற்றுக்கோடு தெரிந்தது.

“அது எப்பமோ ஒருக்க வந்ததாக்கும். எழுதாண்டாம் மக்கா,” என்றார் சபைக்காரர்.

ஞாயிறுதோறும் ஆராதனையில் முகம் பார்க்க வேண்டிய மனிதர். ‘வெள்ள அபாயம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறு வருட மழையில் ஆறு அந்த வீட்டுக்குள் புகுந்தது. சேதத்தை மதிப்பிட ஜெசிந்தா என்னையே கூப்பிட்டார். கட்டில், மெத்தை, பிள்ளைகளின் புத்தகங்கள், எல்லாம் சேறு. சுவரில் புதிய கோடு, அதே இடுப்பளவில்.

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். “எல்லாம் போச்சு சாரே. நீங்க எழுதித் தந்த தாளை மட்டும் பரண்மேல ஏத்தி வச்சேன். இங்க முன்ன வெள்ளம் ஏறினதில்லன்னு இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்ல, எனக்கு வேற சாட்சி ஆரு உண்டு?”

என் கையெழுத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

“பத்திரமா வச்சுக்கிடுங்க,” என்று திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பொய்ச் சான்றைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அன்று நான் சொன்ன இந்தச் சொல்லை மறக்க முடியாது.