விரிக்க இடமில்லாத துணி

"உம்மா, துணிய எடுங்க. அவருக்குச் சோறு வைக்கணும்" என்றாள் நஸ்ஹா.

கைறுன்னிஸா ராத்தா எழும்பவில்லை. "இந்த மூலைய மட்டும் பார்த்துக்கிறன் மகள்."

"நேத்தும் மூலையத்தான் பார்த்தீங்க."

"அது மற்ற மூல."

வாசலில் செருப்பைக் கழற்றிய மருமகன் சிரித்தார். "மாமி, என்னையும் வெட்டித் தைச்சிடாதீங்க."

"நீங்க போட்டிருக்கிற சேட்டில ஒரு பூவும் இல்லையே மருமகன்" என்று சொல்லிக்கொண்டே ராத்தா துணியைச் சுருட்டினார்.

சுவரில் தொங்கவிட ராத்தாவிடம் இரண்டு துணி கேட்டிருந்த பாசிக்குடா ஹோட்டல்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்ததை வாசித்துச் சொல்ல அன்று நான் காத்தான்குடியில் நஸ்ஹா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்தாவின் மற்ற மகள் ரிப்காவுக்குப் படிப்பித்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தோடு பழக்கம். முதல் துணி ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது, திருப்பி அனுப்புகிறோம், இரண்டாவது நேராக இருந்தால் மட்டும் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

ராத்தா குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அந்த வீட்டார் கழித்துவிட்ட பூவேலை உடுப்புகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். இப்போது ஊராரும் பழைய கலியாணச் சாரிகளையும் அபாயாக்களையும் கொடுக்கிறார்கள். நைந்ததை நீக்கி, பூவும் மணியும் உள்ள துண்டுகளை இணைத்துச் சுவரளவு துணியாக்குவார்.

உழைத்துக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று நஸ்ஹாவின் சீதனம், மற்றது ரிப்காவின் சீதனம். அதன் பிறகு ராத்தாவும் தையல் மெஷினும் ஓட்டோவில் இங்கும் அங்குமாகத்தான். போகச் சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் ஓரிடத்தில் அவரால் இருக்க முடிவதில்லை. இங்கே பேரன் மணிகளை வாயில் போடுகிறான். அங்கே புதுப் பெயின்ற், ஆணி அடிக்க மனமில்லை.

தரையில் நேராகக் கிடக்கும் துணி தொங்கும்போது அப்படி நிற்பதில்லை. மணி வைத்த துண்டு கீழே இழுக்கும், ஜோர்ஜெட் சாரித் துண்டு நீளும். நாட்கணக்கில் தொங்கவிட்டு, இழுபடும் இடத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். ராத்தாவோ கதவில் பாதியைப் போட்டுப் பார்ப்பார், ஆள் வந்தால் மடிப்பார், பிறகு வாசல் படலையடியில் நின்று றோட்டைப் பார்ப்பார்.

ஒருநாள் என்னை வழியனுப்ப அந்தப் படலை வரைக்கும் வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், கல்லடியில உங்கட அறைச் சுவர் சும்மாதானே கிடக்கு? ஒரு கிழமைக்கு இது அங்க தொங்கட்டும். நான் வந்து வந்து தைக்கிறன். மகள்மாருக்கு மட்டும் சொல்லிராதீங்க. தங்கட வீட்டில உம்மாவுக்கு இடமில்லையெண்டு நான் சொன்னதா நினைச்சிருவாங்க."