சின்னப் பாவங்களுக்கு நடுவே

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கென்றே கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறுகிறவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவள் நான். மைக்கில் என் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பங்குச் சாமியார், தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் முதல் வார்த்தையிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு தவக்காலத்துக்கும் ஒவ்வொரு கோயில்.

அங்கே போயும் நான் யோக்கியமாகச் சொன்னதில்லை. கடைக்காரர் சொத்தைத் தக்காளியை நல்லதுகளுக்கு நடுவில் தள்ளிவிடுகிற மாதிரிதான் சொல்வேன். "ஜெபம் சொல்ல மறந்தேன், பிள்ளைகளை அடித்தேன், ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னேன், பூசைக்கு நேரம் கழித்துப் போனேன்." மூன்றாவது வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் வேகம் பிடிக்கும். சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். திரும்பி வரும் பஸ் மாத்தூர் தாண்டுவதற்குள் வலது கால் மறுபடி ஆட ஆரம்பித்துவிடும்.

அந்த மூன்றாவது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரைப் பற்றி நிர்வாகத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன். எங்கள் இரண்டு பேரில் அவருக்குத்தான் தலைமையாசிரியர் பதவி கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவருடைய அம்மா அப்போது படுத்த படுக்கை. இரண்டு நாள் மத்தியானம், "என் கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்கங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த இரண்டு நாளை நான் தினமும் என்று எழுதினேன். ஆஸ்பத்திரியை டியூஷன் என்று எழுதினேன். நம்பவேண்டுமே என்று அந்த இரண்டு தேதியையும் குறிப்பிட்டேன்.

அவரைக் கீரமங்கலம் பக்கம் மாற்றிவிட்டார்கள். பதவி எனக்கும் வரவில்லை, வெளியிலிருந்து யாரோ வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கால் ஆட்டம். பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், பூசையில், உட்கார்ந்தால் போதும், வலது கால் தன்பாட்டுக்கு ஆடும். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். வேளாங்கண்ணிக்கு நடந்தேன். கொப்புளம் வெடித்ததுதான் மிச்சம். ஆண்டவரிடம் எதையெதையோ கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தேன்.

போன தவக்காலத்தில் வசமாக மாட்டினேன். குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வாரம், பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார்கள் எங்கள் கோயிலுக்கே வந்திருந்தார்கள். திருச்சிப் பயணம் மிச்சம் என்று, முன்பின் தெரியாத ஒருவருடைய வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்தபோது, யாரோ சாகக் கிடக்கிறார்கள், கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வரவேண்டும் என்று ஆள் வந்தது. வெளியூர்ச் சாமியார் எழுந்து போனார். அந்த நாற்காலியில் எங்கள் பங்குச் சாமியார் வந்து உட்கார்ந்தார். பின்னால் மாதா சபைப் பெண்கள் பத்துப் பேர். வரிசையை விட்டு விலகினால் அடுத்த கொடியேற்றம் வரைக்கும் அவர்களுக்கு அதுதான் பேச்சு.

முழங்காலிட்டேன். வழக்கமான பட்டியலை ஒப்பித்தேன்.  சாமியார் மெதுவாகக் கேட்டார்.

"அந்த மூணாவதுல, யாரைப் பத்தி என்ன சொன்னீங்க?"

எந்தச் சாமியாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கடுதாசி, தேதி, ஆஸ்பத்திரி, ஆறு வருஷமாகக் கோயில் மாற்றிக்கொண்டிருந்தது, எல்லாம் வாயிலிருந்து கொட்டியது.

"ஆண்டவர்ட்ட எதைக் குடுக்காம வச்சிருக்கீங்க?" என்றார்.

"என் நல்ல பேரை, சாமி."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. பாவத்தை எடுத்துக்கொள் என்று இத்தனை நாள் கெஞ்சினேன். பேரை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அங்கேயே அழுதேன். ஆண்டவரே, இதையும் எடுத்துக்கொள்ளும், இனி என்னால் கட்டிக் காக்க முடியாது என்று சொன்னேன். சாமியார் மன்னிப்பு வழங்கினார். "பொய்யால அவங்க பேரைக் கெடுத்தீங்க. அதைத் திருப்பிக் குடுக்கப் பாருங்க" என்றார்.

சனிக்கிழமை காலை புதுக்கோட்டை போய், ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் பஸ் ஏறினேன். டீச்சர் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்! இங்கிட்டு எப்புடி?" என்று முகமெல்லாம் சிரிப்பு. காபி போடப் போனவரை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன். அந்தக் கடுதாசி நான் போட்டது, நிர்வாகத்துக்கும் என் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார், கடைசியில் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டு வந்திருந்தேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நிர்வாகத்துல காட்டுன கடுதாசில இருந்த அந்த ரெண்டு நாளும் எங்க அண்ணிக்கும் ஒங்களுக்கும் மட்டுந்தான் தெரியும்" என்றார். "அண்ணிதான் எழுதுனாங்கன்னு நெனச்சுட்டேன். ஒங்களைச் சந்தேகப்படவே தோணல. என் கிளாஸைப் பாத்துக்கிட்டவுங்களாச்சே."

அவர் வாசலைப் பார்த்தபடி மேலே சொன்னார்.

"எங்கம்மா செத்தன்னிக்கு அண்ணி மெழுகுவத்தியோட வந்தாங்க டீச்சர். அம்மா மொகத்தைப் பாக்க விடல. வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டேன்."

என் பாவம் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் என்றுதான் நினைத்திருந்தேன். மன்னியுங்கள் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஃபோனில் எதையோ தேடி, காதில் வைத்தார்.

"அண்ணி, நான்தான். வச்சுறாதீங்க."

அதற்கு மேல் அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் என்னை மன்னிக்கவில்லை, இன்று வரைக்கும் ஃபோன் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், சத்தமாகவே அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "சாவு வீடா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஆலங்குடி தாண்டிய பிறகுதான் கவனித்தேன், கால் ஆடவில்லை.