லஷ்கர் மொஹல்லாவின் சிவப்புக் கோட்டுகள்

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறும்போது காலை ஆறு மணி. சாம்ராஜ்நகர் வரை நாற்பது மைல், டிக்கெட் ஒண்ணேகால் ரூபாய். நயா பைசா வந்த புதிது. கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையை நான் எண்ணி முடிப்பதற்குள் பண்ணாரி வந்துவிட்டது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, இப்போது கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டி வருகிறேன். ஊர் வர்த்தகர் சங்க ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் என் செட்தான். இந்த வருஷம் சங்கக் காரியதரிசி, "அதே ரிக்கார்டைப் போட்டா கூட்டம் எந்திரிச்சுப் போயிருது. புதுசா ஏதாச்சும் கொண்டா. இந்தத் தடவையும் எந்திரிச்சாங்கன்னா அடுத்த வருஷம் வேற செட்டைப் பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். மைசூரில் 'ராக் அண்ட் ரோல்' என்ற புது மாதிரி சங்கீதம் வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களை நேரில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

திம்பம் மலைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் என் உயிர் ஒரு தரம் வெளியே போய் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பிரேக்கை டிரைவரு புடிப்பாருங். நீங்க எதுக்குங் காலை அந்த அமுத்து அமுத்தறீங்க?"

சாம்ராஜ்நகரில் ரயிலுக்கு மாறினேன். நஞ்சன்கூட்டில் பாதி வண்டி காலியாகி மறுபடி நிறைந்தது. மைசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வெயில் இருந்தும் வேர்க்கவில்லை; எங்கள் பக்கத்து ஆளுக்கு அதுவே ஓர் அதிசயம்.

ஜட்கா வண்டி லஷ்கர் மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டின் முன் நின்றது. உள்ளே நாலு பேர். கிடார் வாசிக்கும் ஆரோக்கியசாமி, பள்ளிக்கூட வாத்தியார். அவர் தங்கை ஃபிலோ, ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாடுபவள். டிரம்பெட் ஊதும் தாமஸ், டிரம் அடிக்கும் லூயிஸ். குழுவுக்கு 'லஷ்கர் ராக்கெட்ஸ்' என்று பெயர்.

"ரெண்டு வருஷமா கிளப் டான்ஸுக்கு வாசிக்கறோம் அண்ணா" என்றார் ஆரோக்கியசாமி. "ஆடுவாங்க, குடிப்பாங்க. பாட்டை யாரும் கேக்கறதில்லை. உக்காந்து கேக்கற ஜனங்க முன்னாடி இன்னிக்குத்தான் மொதல் தடவை. இதுவும் சரியா வரல்லைன்னா டிரம்மை வித்துடறேன்னு லூயிஸ் சொல்றான்."

"டிரம்மை வித்தா அவன் கையை என்ன பண்றது? ஆஸ்பத்திரிலே மாத்திரை இடிக்க வச்சுக்கறேன்" என்றாள் ஃபிலோ.

கொடியில் நாலு சிவப்புக் கோட்டு தொங்கியது. பித்தளைப் பொத்தான், தோளில் மஞ்சள் குஞ்சம். பேண்டுக்கு உடை என்றதும் தையற்காரர் அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, வேறெதுவும் கேட்காமல் தைத்துக் கொடுத்தாராம். எனக்குப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. உடை நன்றாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் நிகழ்ச்சி. அனுமதி இலவசம். இருநூறு பேர் இருக்கலாம். ஜரிகைத் தலைப்பாகைகள், மல்லிகைப் பூ, குழந்தைகள். என் பக்கத்து நாற்காலியில் நாமம் போட்ட ஒரு பெரியவர். மேல்கோட்டைக்காரர், ரிட்டயர்டு குமாஸ்தா.

திரை விலகியது. சிவப்புக் கோட்டுகள் பளபளத்தன. தாமஸ் டிரம்பெட்டை எடுத்து மெதுவான ஒரு மெட்டை ஆரம்பித்தார். நாலு சுரம்கூட ஆகியிருக்காது. நாற்காலிகள் கடகடவென்று நகர, மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது.

எங்கள் ஊரில் எழுந்தால் வீட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். மேடையிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆரோக்கியசாமியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் யாரும் போகவில்லை. கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார்கள். மெட்டு முடியும் இடம் வந்தது. நிறுத்தினால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று பயந்து ஆரோக்கியசாமி கண் ஜாடை காட்ட, தாமஸ் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி முடிந்தது, மறுபடி ஆரம்பம். இவர்கள் நிறுத்தவில்லை, அவர்கள் உட்காரவில்லை.

பக்கத்துப் பெரியவரிடம் மெல்லக் கேட்டேன்: "ஏன் சார் எந்திரிச்சுட்டீங்க?"

"அரண்மனை பேண்டு வாசிக்கறச்சே உக்காந்துண்டா இருப்பா? கோட்டைப் பார்த்தீரோல்லியோ? ஆனா இவ்வளவு நீளமா வாசிச்சு நான் கேட்டதில்லை. முழங்கால் போறது."

அப்போதுதான் புரிந்தது: தையற்காரர் தைத்துக் கொடுத்தது அரண்மனை பேண்டின் உடை. இந்த ஊரில் சிவப்புக் கோட்டு போட்டு மெதுவாக ஊதினால் அது ராஜ மரியாதை. பாட்டு நிற்கும்வரை நிற்க வேண்டும். மேடைக்கு யாராவது போய்ச் சொல்ல மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. நானே படியேறி ஃபிலோவின் காதில் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பு மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கூத்கொள்ளி, எல்லாரும் உக்காருங்க! இது அரண்மனைப் பாட்டு இல்லை, லஷ்கர் மொஹல்லாப் பாட்டு. அண்ணா, மொதல்லே அந்தக் கோட்டைக் கழட்டுங்க!"

சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது. கோட்டுகள் கழன்றன, சாதாரண உடையோடு நாலு வீட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். லூயிஸ் டிரம்மைத் தட்டத் தொடங்கினான். வாசகர்களுக்கு எப்படிச் சொல்வது? இறக்கத்தில் வண்டி மாடு ஓட்டம் பிடித்தால் சலங்கை எப்படிக் குலுங்கும், அந்த வேகம். அதன்மேல் கிடார் துள்ளுகிறது. ஃபிலோ தானே கட்டிய தமிழ்ப் பாட்டு: "பஸ்ஸு வருதா, வல்லியா? டவுன் பஸ்ஸு வருதா, வல்லியா?" இரண்டாம் தடவையே குழந்தைகள் "வல்லே! வல்லே!" என்று கத்தின. மூன்றாம் தடவை பெரியவர்களும்.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார்கள். முடிந்ததும் என் பக்கத்துப் பெரியவர் எழுந்து கையை உயர்த்தினார். மண்டபம் அமைதியாயிற்று. ஏதோ குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, அந்த மொதல் மெட்டு இருக்கே, நன்னாயிருந்தது. நின்னுண்டு சரியாக் கேக்க முடியலை. இன்னொரு தடவை வாசிச்சா உக்காந்துண்டு கேப்போம்."

தாமஸ் டிரம்பெட்டைத் துடைத்து எடுத்தார். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. லூயிஸ் டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அதை விற்க மாட்டான்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு ஃபிலோவும் ஆரோக்கியசாமியும் வந்தார்கள். விழாவுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

"கோட்டு வேணுமா, வேண்டாமா அண்ணே?" என்றாள் ஃபிலோ.

"கொண்டு வாங்க. எங்க ஊர்ல அரண்மனை இல்லை."

ரயில் நகர்ந்த பிறகுதான் அடுத்த கவலை பிடித்தது. எங்கள் ஊரில் மரியாதைக்காக யாரும் எழ மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் எழுவார்கள். ஆனால் அந்த டவுன் பஸ் பாட்டுக்கு மைசூர்க் குழந்தைகள் நாற்காலி மேலேயே ஏறி நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை காரியதரிசியிடம் ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்: கூட்டம் எழுந்தால் பயப்படாதீர்கள், வாசலைப் பார்த்து நிற்கிறார்களா, மேடையைப் பார்த்து நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.