பகல் கஞ்சியும் ராத்திரி அடியும்

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு ராத்திரித் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அதையும் என் மகன் பிடுங்கிக்கொண்டான். ஏழு மாதக் குழந்தை. நான் கண் அசந்தால் போதும், வீறிட்டு எழுவான். பால் கொடுத்தாலும் லேசில் அடங்க மாட்டான். எங்கள் லைன் வீட்டில் யார் தும்மினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் குத்துவான். உடனே என் கணவர் என் முதுகில் குத்துவார்.

சாயப்பட்டறையில் நாள் முழுக்க வெந்து வருகிற மனுஷன், தூக்கம் கெட்டால் கோபம் வரத்தான் செய்யும் என்று லைனே அவருக்காகப் பேசியது. நான் மட்டும் என்ன, பகலெல்லாம் மெத்தையில் உருண்டுவிட்டா வந்தேன்?

“பகல்ல வவுறு நெறஞ்சா ராத்திரி எதுக்கு எந்திரிக்கறான்? ஒழுங்கா ஊட்டறதில்லீயா?” என்று அடிக்கு நடுவில் கேட்பார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா. புருஷனை விட்டு வந்து எங்களோடு இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அடி விழும்போது அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்று பகலெல்லாம் என்னிடம்தான் குடிப்பான். அன்று ராத்திரியும் எழுவான்தான். ஆனால் சிணுங்குவான், குடிப்பான், அப்படியே தூங்கிவிடுவான். மற்ற நாட்களில் மட்டும் ஏன் அந்த அலறல்? கன்னத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாலே ஏன் அப்படித் துள்ளுகிறான்?

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஓவர்லாக் மெஷினுக்குள் விரலைக் கொடுத்துவிட்டேன். ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்தது. சூப்பர்வைசர் முதலில் துணியைத்தான் இழுத்தார். ரத்தக் கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடுமாம். பிறகுதான் விரலுக்குக் கட்டுப் போட்டு, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. அழுகை இல்லை, தொண்டை அடைத்துக் கொடகொடக்கிற சத்தம். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடைகளுக்கு நடுவில் மல்லாக்கப் போட்டு அமுக்கியிருந்தார். ஒரு கையால் அவன் மூக்கைப் பிடித்திருந்தார். மூச்சு முட்டினால் வாய் தானாகத் திறக்குமே, அப்போது எங்கள் வீட்டுச் சீரில் வந்த வெள்ளிச் சங்கால் ராகிக் கஞ்சியை உள்ளே சரிப்பது. எங்கள் பக்கம் பிள்ளை வளர்த்த பலரும் செய்கிற வேலைதான். என் மகனின் உதடு கறுத்திருந்தது.

சங்கை உதைத்தேன். அது சுவரில் மோதி நசுங்கியது. குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். மூக்கிலும் வாயிலும் கஞ்சி கொட்டியது. பிறகு அவன் கத்தினான் பாருங்கள், அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அவனைப் பாயில் போட்டுவிட்டு அண்ணியின் கொண்டையைப் பிடித்து அறைந்தேன். கட்டு நனைந்து அவர் கன்னமெல்லாம் என் ரத்தம். கொன்றே இருப்பேன்.

அண்ணி தடுக்கவில்லை. “நீ அடி வாங்கறதக் கேட்டுட்டுப் படுத்திருக்க முடியல கண்ணு. பையன் வவுறு நெறஞ்சு தூங்கிட்டா, தம்பி உன்னைய உட்ருவான்னுதான் ஊத்துனேன். எனக்கும் அந்த ஊட்டுல இப்பிடித்தான் உளுந்துச்சு. புள்ளைக்கு ஊட்டத் தெரியாதவள்னு சொல்லிச் சொல்லியே அடிச்சாங்க.”

என் கை தானாக இறங்கியது. என் முதுகில் விழுந்த அடிக்குப் பயந்து அண்ணி ஊற்றினார். அண்ணி ஊற்றியதற்குப் பயந்து குழந்தை அலறினான். அவன் அலறியதற்கு எனக்கு மறுபடி அடி. இதற்கும் வயிறு நிறைவதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு பேரும் கஞ்சி சிந்திய தரையில் உட்கார்ந்து அழுதோம்.

அன்று ராத்திரியும் எழுந்தான். பக்கத்துச் சுவர் அதிர்ந்தது. “பகல்ல என்னத்த ஊட்டுனீங்க?” என்று கணவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

லைட் எரிந்தது. வீங்கிய கன்னத்தோடு அண்ணி நின்றார். கையில் அந்த நசுங்கிய சங்கு, அதில் சட்டியில் மீந்திருந்த கஞ்சி. மறு கையால் தம்பியின் மூக்கை இறுக்கிப் பிடித்தார். மூச்சுக்காகக் கணவரின் வாய் திறந்தது.

“இப்பிடித்தான்டா ஊட்டுனேன். நீயும் குடிச்சுட்டு நல்லாத் தூங்கு சாமி” என்று அண்ணி சங்கை அவர் வாய்க்குள் கவிழ்த்தார்.

நான் மகனை மடியில் போட்டுக்கொண்டேன். அவன் குடித்தான். அவன் அப்பா இருமி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.